நாலாவது கிளைடரும் எங்கள் சாப்பாட்டு மேசையும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சேலையூரிலிருந்து கிளம்பினோம். கிளம்பினோம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். விடிந்ததிலிருந்து என் கணவர் பாஸ்கர் வீட்டுக்கும் வாசலில் நின்ற மாருதி ஆம்னி வேனுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். முதலில் கருவிப் பெட்டி ஏறியது. அடுத்து ரேடியோ. அடுத்து ஒரு பழைய போர்வையில் சுற்றிய இரண்டு இறக்கைகள். கடைசியாகத்தான் நான். எனக்கு மிச்சம் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "லதா, ஒரு இறக்கைய மட்டும் மடியில வெச்சுக்கறியா?" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எங்கள் மகளைக்கூட அவர் இவ்வளவு பதவிசாக என் மடியில் வைத்ததில்லை.

எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் சிநேகிதர் ஷாகுலோடு சேர்ந்து மரத்திலும் தாளிலும் விமானம் செய்து பறக்கவிட்டவர். வேலை, கல்யாணம் என்று வந்ததும் அதை மறந்துவிட்டார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். போன வருஷம் அவர் அலுவலகத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது, விமானம் இயக்கும் ரேடியோ ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பழைய பைத்தியம் வட்டியோடு திரும்பி வந்தது.

இவர் செய்வது கிளைடர். அதில் என்ஜின் கிடையாது. காற்று ஒரு மலைச்சரிவில் மோதி மேலே ஏறும் இடத்தில் நின்று அதை வீச வேண்டும். அந்தக் காற்றே அதைத் தாங்கிக்கொள்ளும். கீழே நிற்பவர் ரேடியோவில் உள்ள இரண்டு குச்சிகளைக் கட்டைவிரலால் அசைத்தால் அது வளையும், ஏறும், இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இறக்கை இரண்டும் சேர்ந்தால் இரண்டு மீட்டர் நீளம். எங்கள் வீட்டில் அந்த நீளத்துக்கு இருப்பது நான் ஆசை ஆசையாய் வாங்கிய ஆறு பேர் சாப்பிடும் தேக்கு மேசை ஒன்றுதான். பத்து மாதமாக நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். விருந்தாளி வந்தால் தட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

முதல் கிளைடர் முடிச்சூர்ப் பக்கம் ஒரு மின்கம்பத்தில் முடிந்தது. இரண்டாவது, ஒரு குன்றுக்குப் பின்னால் முள்காட்டில் விழுந்தது. மூன்றாவது பறக்கவே இல்லை. வேனின் பின்சக்கரத்தருகே சாய்த்து வைத்தவர் இவர்தான், பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தவரும் இவர்தான். அன்று இரவு சாப்பாடு இறங்காமல், "இன்னும் ஒண்ணே ஒண்ணு லதா. அதுவும் உடைஞ்சா ரேடியோவ வித்துடறேன். மேசை உன்னுது" என்றார். நான் கணக்கு டீச்சர். நிபந்தனை என்று ஒன்று சொல்லிவிட்டால் மறக்கமாட்டேன். நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு சாப்ட்வேர்ப் பையன் ரேடியோவை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். ஞாயிறு சாயங்காலம் போன் செய்வதாகவும் சொல்லியிருந்தான். எனவே நான் இந்தப் பயணத்துக்கு நீதிபதியாகப் போனேன். மேசைமேல் விரிக்க ஒரு பூப்போட்ட விரிப்பைக்கூட மனதுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

தாம்பரத்தைச் சுற்றி மலைக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மலை இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் விமான நிலையம். நிஜ விமானங்கள் போகும் வழியில் எங்கள் தெர்மோகோல் விமானம் குறுக்கே போவது நியாயமில்லை. வண்டலூர் மலை வனத்துறையுடையது. அதனால் செங்கல்பட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

ஒன்பதேகால் மணிக்குக் கூடுவாஞ்சேரி. ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் மனை விற்பனை விளம்பரங்கள். எல்லா மனையும் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்தான். எந்த ஊர் ரயில் நிலையம் என்று யாரும் எழுதவில்லை. ஷாகுல் அண்ணனின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கல்யாண மேடை அலங்காரம் அவர் தொழில். மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் சூட்டுக் கம்பியால் அறுத்து, ஜிகினா தூவி, மேடைக்குப் பின்னால் மாட்டுவார். அதே கம்பியால்தான் இறக்கைகளையும் அறுத்துக் கொடுக்கிறார்.

"இன்னா மச்சான், இவ்ளோ லேட்டு? காத்து கடையச் சாத்திக்கினு பூடப் போவுது" என்றபடி சாப்பாட்டுக் கேரியரோடு வந்து ஏறினார். என்னைப் பார்த்ததும், "அட, தங்கச்சியும் வருதா! அப்ப இன்னிக்கு உயிர் பயம் கீது" என்றார். அவரும் என் கணவரும் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அந்த உறவு முறைப்படி சரியாகிவிட்டது.

வேனில் போர்வை விலகியபோதுதான் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நீலக் காகிதத்தில் பெரிதாக 'வருக' என்று ஒட்டியிருந்தது.

"இது என்னண்ணா?"

"மேல பறக்கும்போது அடி எது, முதுகு எதுன்னு தெரியணும்ல, தங்கச்சி? கலர் ஒட்டணும்னான் உன் வூட்டுக்காரன். ஒரு மண்டபத்துக்குச் செஞ்சதுல மீந்த எழுத்து கெடந்துச்சு. வேஸ்ட் பண்ணாம ஒட்டிட்டேன்."

சிங்கப்பெருமாள் கோவிலில் டீக்கு நிறுத்தினோம். டீ மூன்று ரூபாய், நல்ல சூடு. டீக்கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா சார் அது, மீன் புடிக்கற போட்டா?" என்று கேட்டார்.

"பிளேன்பா. பறக்கும்" என்றார் ஷாகுல் அண்ணன்.

"போன தபா வந்தப்பவும் இதத்தான் சொன்னீங்க. திரும்பி வர்றப்போ கோணிப்பைல அள்ளிக்கினு வந்தீங்க."

என் கணவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செங்கல்பட்டில் கிழக்கே திரும்பித் திருப்போரூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் இடதுபக்கம் ஒரு மொட்டைப் பாறைக்குன்று வருகிறது. அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நல்ல சரிவு கிடைத்தால் அதை மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்களாம் இந்தக் கிளைடர்காரர்கள். கிழக்கு முகம் முழுக்கச் செடிகொடி இல்லாத வழுக்குப் பாறை. கீழே தண்ணீர் வற்றிய ஏரி, அதற்கப்பால் சவுக்குத் தோப்பு. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கடல். மத்தியானம் கடல்காற்று வந்து இந்தப் பாறையில் நேராக மோதி மேலே ஏறும். வந்தால்.

பதினொரு மணிக்கு உச்சியில் இருந்தோம். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. கிளைடரைப் பூட்டி முடித்துவிட்டு, என் கணவர் ரேடியோவின் ஏரியலை முழுக்க வெளியே இழுத்துப் பிடித்தார். இந்த ஏரியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மடக்கினால் ஒரு சாண்கூட இருக்காது. இழுத்தால் இவர் தலைக்கு மேலே போகும். வீட்டில் அது மின்விசிறியில் இடித்திருக்கிறது. ஒருமுறை என் கண்ணைக் குத்தப் பார்த்தது. கோபத்தில் மகளின் பழைய சிவப்பு ரிப்பனை எடுத்து அதன் நுனியில் கட்டிவிட்டேன். இவர் முதலில் முணுமுணுத்தார். பிறகு அது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதைக் கண்டுபிடித்து, தன் யோசனை மாதிரியே ஷாகுல் அண்ணனிடம் சொல்லிக்கொண்டார்.

அன்று ரிப்பன் கடலைப் பார்த்துப் பறந்தது. அதாவது காற்று மேற்கிலிருந்து, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. இந்தக் காற்றில் வீசினால் கிளைடர் சரிவோடு கீழே அமுக்கப்பட்டு நொறுங்கும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஒரே குடையின் கீழ் மூன்று தலைகள். ஷாகுல் அண்ணன் வீட்டு நெய்ச்சோறும், என் எலுமிச்சைச் சாதமும், உருளைக்கிழங்கு வறுவலும் ஒன்றாகப் பிரிக்கப்பட்டன.

வாசனைக்கோ என்னவோ, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மேலே ஏறி வந்தார். பெயர் கன்னியம்மா. கொடுத்த சாதத்தை வாங்கிக்கொண்டு கிளைடரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாமா அது, ஏரோப்ளேனா?"

"ஆமாக்கா."

"உள்ள ஆள் குந்த முடியாதே."

"ஆள் கீழதான் நிப்பாங்க. அது மட்டும் பறக்கும்."

அவர் ஒரு வாய் சாதம் போட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "இதால இன்னா பிரயோசனம்?" என்று கேட்டார். இதே கேள்வியைப் பத்து மாதமாக நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டு வருகிறேன். என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காற்றின் மேலேற்றம் என்று ஆரம்பித்தார். கன்னியம்மா கையைக் கழுவிக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. ரிப்பன் அசையாமல் கடலையே காட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் வெயிலில் முகம் கறுத்து, கையில் ரேடியோவோடு, வராத விருந்தாளிக்கு வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. மேசை விரிப்பின் ஞாபகமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருக்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

இரண்டரை மணி சுமாருக்கு ரிப்பன் தொங்கியது. சுத்தமாக ஓய்ந்துவிட்டது. ஷாகுல் அண்ணன், "மச்சான்..." என்று மெதுவாக எழுந்தார். முகத்தில் சில்லென்று ஏதோ பட்டது. சவுக்குத் தோப்பு ஒரு முனையிலிருந்து அசைந்துகொண்டே வந்தது. ரிப்பன் ஒரு தடவை துடித்து எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. கடல்காற்று.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பறக்கவிடும் முன்பு இவர்கள் ஒரு சோதனை செய்வது வழக்கம். ஏரியலை மடக்கிவிட்டு, ஒருவர் கிளைடரோடு தள்ளி நடந்து போவார். மடக்கிய ஏரியலிலேயே அது சொல்பேச்சுக் கேட்டால், இழுத்த பிறகு எவ்வளவு தூரம் போனாலும் கேட்கும் என்று கணக்கு. என் கணவர் ஏரியலை மடக்கினார். ஷாகுல் அண்ணன் கிளைடரைத் தூக்கிக்கொண்டு சரிவின் விளிம்புவரை போனார். வால் இடதும் வலதும் ஒழுங்காக ஆடியது.

"ஓகேவா மச்சான்?"

"ஓகே!"

"வுடட்டா? காத்து சூப்பரா கீது!"

"வுடு வுடு!"

ஷாகுல் அண்ணன் நாலடி ஓடி வீசினார். கிளைடர் மூக்கைத் தாழ்த்தி விளிம்புக்குக் கீழே மறைந்தது. மறுகணம் யாரோ கீழேயிருந்து உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்ததுபோல் அது எங்கள் தலைக்கு மேலே எழும்பி வந்தது. என்ஜின் சத்தம் இல்லை. இறக்கை காற்றைக் கிழிக்கும் மெல்லிய விசில் மட்டும்தான். இறக்கையின் அடியில் 'வருக' பளிச்சென்று தெரிந்தது. என் கணவர் அதை இடப்பக்கம் வளைத்தார், வலப்பக்கம் வளைத்தார். அவர் வாய் திறந்தபடி இருந்தது. நாற்பத்தைந்து வயசு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமில்லை, அழகாக இருந்தார்.

இன்னும் கொஞ்சம் தூரம் என்று ஏரியின் மேலே அனுப்பினார். அது போனது. போய்க்கொண்டே இருந்தது.

"போதும், திருப்பு மச்சான்."

"திருப்பறேன்."

"திருப்புடா!"

"குச்சிய ஓரத்துக்கே தள்ளிட்டேன். கேக்க மாட்டேங்குது ஷாகுல்!"

'வருக' என்று எழுதிக்கொண்டு அது எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஷாகுல் அண்ணன் பேட்டரியா என்றார். ஒயரா என்றார். கடைசியில் அல்லாவைக் கூப்பிட்டார். என் கணவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அழுகைக்கு மாறப் பார்த்தது. வாரக்கணக்கில் ராத்திரி ராத்திரியாய் உட்கார்ந்து ஒட்டியது ஒரு காக்கை அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியில் ஏதோ ஒன்று குறைந்தது. காலையிலிருந்து அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த சிவப்பு, இப்போது அவர் சட்டைப் பையோடு ஒட்டிக்கொண்டு படபடத்தது.

"ஏரியல்! ஏரியல இழுங்க!"

அவருக்குக் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் குச்சிகளைவிட்டு விரலை எடுத்திருக்கமாட்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் போய், ரிப்பனோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கடைசி முழம் வெளியே வந்ததும் தூரத்தில் அந்தப் புள்ளி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, வளைந்து, எங்களைப் பார்த்துத் திரும்பியது. நான் வாய் விட்டுக் கத்தினேன். மேசையைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே இல்லை.

அது வந்து எங்களுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுமந்தைக்கு நடுவில் புல்லில் இறங்கியது. ஆடுகள் சிதறி ஓடின. ஓடாத ஒன்று வாலை நக்கிப் பார்த்தது. கன்னியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நல்லாத்தான் பறக்குது. ஆனா இதால இன்னா பிரயோசனம்னு இன்னும் சொல்லலியே" என்றார்.

இந்த முறை நான் பதில் சொன்னேன். "பிரயோசனம் ஒண்ணுமில்லக்கா. இன்னொரு தடவ வுடச் சொல்லட்டா?"

"வுடச் சொல்லு" என்று பாறையில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிவரை மாற்றி மாற்றிப் பறக்கவிட்டார்கள். வெயில் தணிந்ததும் என் கணவர் ரேடியோவை என்னிடம் நீட்டினார். "ஏரியல இழுத்தவங்களுக்கு ஒரு ரவுண்டு" என்றார். கட்டைவிரலை அசைத்தால் அங்கே மேலே அது அசைகிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. போகும்போது ஒரு பிசகும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்து வரும்போதுதான் வினை. எதிரே வரும் விமானத்துக்கு அதன் இடது நமக்கு வலது. இதைத்தான் எட்டாம் வகுப்புக்குக் கண்ணாடிப் பிம்பம் என்று வருஷா வருஷம் நடத்துகிறேன். என் விரலுக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை. இவர் "ரைட்டு பக்கம் கொண்டா, ரைட்டு" என்று கத்தக் கத்த, நான் குச்சியையும் வலதுபக்கமே ஒடித்தேன்; அது இடதுபக்கம் போனது. கிளைடர் பாறையில் பக்கவாட்டில் மோதி, வால் தனியே போய் விழுந்தது.

கன்னியம்மா, "அடடா, நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு" என்றார். என் கணவர் வாலைப் பொறுக்கி வந்து போர்வையில் வைத்துச் சுற்றினார். உடைந்தால் விற்கிறேன் என்றுதான் அவர் சொன்னாரே தவிர, யார் உடைத்தால் என்று சொல்லவில்லை. அவர் வாக்குக் கொடுத்தால் தவறாதவர். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

திரும்பும் வழி திருப்போரூர், கேளம்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலை. ரேடியோவை நாவலூரில் கொடுக்க வேண்டி வந்தால் வசதி என்று காலையிலேயே போட்ட திட்டம் அது. ஷாகுல் அண்ணன் தாம்பரம் வந்து மின்சார ரயிலில் போய்க்கொள்வதாகச் சொன்னார். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்ததால் ஒரே புழுதி. சிறுசேரியில் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் ஞாயிறு என்பதால் ஆளில்லாமல் வெயிலை மட்டும் திருப்பி அடித்துக்கொண்டிருந்தன. என் மடியில் இறக்கை. நான் எங்கள் சாப்பாட்டு அறையை யோசித்துப் பார்த்தேன். மேசைமேல் பசையும் உப்புத்தாளும் இல்லாமல் பூப்போட்ட விரிப்பு. அதன் இருபுறமும் எதிரும் புதிருமாக நாங்கள் இரண்டு பேர், பேச ஒன்றுமில்லாமல். அந்தக் காட்சி காலையில் இருந்த அளவுக்கு அழகாக இல்லை.

நாவலூர் நெருங்கும்போது போன் அடித்தது. என் கணவர் எண்ணைப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். பின்சீட்டில் ஷாகுல் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

"சார் இருக்காங்களா மேடம்? அந்த ரேடியோ விஷயமா பேசியிருந்தேன். இன்னிக்கு வந்து வாங்கிக்கலாமா?"

நான் மடியில் இருந்த இறக்கையைப் பார்த்தேன். 'வருக'வில் ஓர் எழுத்து லேசாகக் கிழிந்திருந்தது. ஒட்டிவிடலாம், நாங்கள் சாப்பிடும் தரையிலேயே வைத்து.

"ரேடியோ விக்கறதா இல்லப்பா," என்றேன். "தேக்கு டைனிங் டேபிள் ஒண்ணு இருக்கு. வேணும்னா சொல்லு, ஆறு நாற்காலியோட தர்றோம்."